வன்னியில் தங்கப் போகிறவர்களுக்கு: திருடனுக்கு முன்னே போகும் செய்தி

டொரன்டோவிலோ இலண்டனிலோ வீடு பார்க்கும்போது அந்தப் பகுதியின் குற்ற விகிதத்தைத் தேடிப் பார்ப்பது வெளிநாட்டில் வாழும் நம்மவருக்குப் பழகிப்போய்விட்டது. அதே பழக்கத்தில் இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் கிளிநொச்சியைப் பற்றித் தேடினால் வாள்வெட்டு, கஞ்சா, கசிப்பு (கள்ளச்சாராயம்) என்ற செய்தித் தலைப்புகள்தான் வரிசையாக வந்து விழும். பொலிஸ் திணைக்களத்தின் புள்ளிவிவரங்கள் பொலிஸ் பிரிவு வாரியாகவே வெளியாகின்றன. கிளிநொச்சியில் திருநகரில் தங்கலாமா, கனகபுரத்தில் தங்கலாமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே சுமார் 1,13,000தான். வன்னியின் இன்னொரு மாவட்டமான முல்லைத்தீவில் அதைவிடக் குறைவு. இத்தனை சிறிய இடத்தில் பத்து வழக்குகள் கூடினாலே விகிதம் துள்ளிக் குதிக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி கொள்ளவும் வேண்டாம்.

கேட்க வேண்டியது பக்கத்து வீட்டில். அதுவும் "இங்கே பாதுகாப்பா?" என்று கேட்டால் "ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி" என்றுதான் பதில் வரும், விருந்தாளியைப் பயமுறுத்த யாருக்கும் மனம் வராது. ஒழுங்கையில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, வீதி விளக்கு எரிகிறதா, இரவில் மணல் டிப்பர் ஓடுகிறதா, கசிப்பு விற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று துருவிக் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில், மதிலுக்கு மேல் பற்றை, படலையில் துருப்பிடித்த பூட்டு: இப்படி மூன்று வளவு அடுத்தடுத்து இருந்தால், இரவில் நீங்கள் கூப்பிடும் குரல் யாருக்கும் கேட்காது. சனம் நெருக்கமாக இருக்கும் ஒழுங்கையில் சின்ன வீடு கிடைத்தாலும் அதையே எடுங்கள்.

வன்னியில் வெளிநாட்டுக்காரர் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு செய்தி நடந்து போயிருக்கும். சுவிஸிலிருந்து ஆள் வந்திருக்கிறார், காணி வாங்கக் காசு கொண்டு வந்திருக்கிறார், சனிக்கிழமை எல்லோரும் கலியாணத்துக்குப் போகிறார்கள் என்ற செய்தி. அதைப் பரப்புபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்தச் சித்தியாகக்கூட இருக்கலாம், பெருமையில் சொல்லியிருப்பார். ஆகவே பயணத் திட்டத்தை வான் வண்டியில் ஏறியதும் சாரதியிடம் ஒப்புவிக்காதீர்கள். படங்களை முகநூலில் போடுவதைத் திரும்பிப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டாட்டத்துக்குப் போகும்போது வீட்டில் ஒரு பெரியவராவது இருக்கட்டும். காசைப் பகலில், வங்கிக்குள் இருக்கும் இயந்திரத்தில், தேவையான அளவு மட்டும் எடுங்கள்.

நகை விஷயத்தில் நம் பெண்களிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடு மாதா கோயில் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் சங்கிலி அறுப்பவர்கள் பக்தர்களைப் போலவே உடுத்துக்கொண்டு வருவார்கள். பின்னால் நெருக்குவது ஒருவர், முன்னால் இடறுவது இன்னொருவர். தாலிக்கொடியைக் கழற்ற மனம் இல்லையென்றால் சேலைத் தலைப்பால் மூடிக் குத்திக்கொள்ளுங்கள். வீதியில் நடக்கும்போது கைப்பையை மோட்டார் சைக்கிள் வராத பக்கத் தோளில் போடுங்கள்.

கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் பல விடியுமுன்பே கிளிநொச்சியைத் தாண்டிவிடும். இருட்டில் சந்தியில் இறங்கி ஓட்டோ தேடுவதைவிட, தெரிந்த ஓட்டோக்காரரை முதல் நாளே ஒழுங்கு செய்வது நல்லது. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் எல்லோரும் இறங்குவார்கள். கடவுச்சீட்டு இருக்கும் பை உங்களோடு இறங்கட்டும்.

உயிருக்கு வரும் ஆபத்தைச் சொல்வதென்றால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை முதலில் சொல்வேன். நேரான வீதி, வேகமான பஸ், நடுவில் படுத்திருக்கும் மாடு. வெளிநாட்டு உரிமத்தோடு உள்ளூர் அனுமதி எடுக்காமல் வாகனம் ஓட்டாதீர்கள். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலும் நெடுங்கேணிப் பக்கத்திலும் பொழுதுபட்டால் யானை வரும். மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி இருப்பதைச் சொல்லும், மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நீண்டது. பலகை இல்லாத இடத்திலும் பழைய பதுங்குகுழி, தூர்ந்த கிணறு, காட்டோரப் பற்றை ஆகியவற்றில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

இனிக் காணி. திருடன் கொண்டு போவது ஒரு சங்கிலி. காணி மோசடியில் போவது இருபது வருட உழைப்பு. இரணைமடுக் குடியேற்றத் திட்டங்களைப் போன்ற இடங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்க முடியாது. வெறும் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் காசு வாங்குபவரிடம் அகப்படாதீர்கள். உறுதிக் காணி (சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி) என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தை எந்தக் காணிக்கு, எந்தக் காரியத்துக்கு என்று வரையறுத்தே எழுதிக் கொடுங்கள். உங்கள் வளவில் யாராவது குடியிருந்தால் நேரே போய்ச் சண்டை பிடிக்காமல் கிராம அலுவலரையும் சட்டத்தரணியையும் நாடுங்கள். வேலிச் சண்டை கத்தி வரை போவது ஊருக்குப் புதிதல்ல.

படைமுகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட வேண்டாம். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27 ஆகிய நாள்களை ஒட்டிக் கண்காணிப்புக் கூடும். தடைசெய்யப்பட்ட விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சின்னங்களையும் படங்களையும் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுகள் நடந்திருக்கின்றன. கைத்தொலைபேசியில் என்ன இருக்கிறது என்று விமானம் ஏறுமுன் பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் பொலிஸுக்கு 119, இலவச அம்புலன்ஸுக்கு 1990. முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டார்கள் என்றால் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். பயணக் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகு தொலைபேசியில் கேட்டுப் பெறுவது பெரும் அலைச்சல்.