கொடுவாவின் செவுள் பார்க்கப் பழகலாம், வேலூரிலேயே

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கிண்டலடிப்பார்கள். கடலுக்கு எங்கே போவது? ஆனாலும் கடற்கரையில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்க நினைப்பவர், செவுளில் ஒட்டுண்ணி தேடும் முதல் பாடத்தை வேலூர் மீன் மார்க்கெட்டிலேயே படிக்கலாம்.

முழு மீனாக வாங்குங்கள். வெட்டுகிற அக்காவிடம், "செவுளத் தூக்கிப் போட்டுடாதீங்கக்கா, தனியா குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்ல மறந்தேன், பூனைக்குக் கொண்டாட்டம்.

ஒரு பக்கத்துக்கு நான்கு செவுள் வளைவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, வெள்ளைத் தட்டில் உப்புத் தண்ணீர் விட்டு, ஊசியால் இழைகளைப் பிரித்து லென்ஸில் பாருங்கள். சில மில்லிமீட்டர் நீளத்தில் ஏதோ ஒன்று இழையைக் கவ்விக்கொண்டு, ஊசியால் தள்ளினாலும் விடாமல் இருக்கிறதா? அது லெர்னாந்த்ரோபஸாக இருக்கலாம். கொடுவா செவுளில் ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. (அந்த மீனைச் சாப்பிடலாமா என்றால், தாராளமாக. செவுளை எறிந்துவிட்டுக் குழம்பு வையுங்கள்.)

ஒன்றும் கிடைக்காவிட்டால் மீன் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஐஸில் கிடந்த மீனில் தட்டைப்புழுக்கள் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணி செத்து உதிர்ந்திருக்கும். அவற்றை உயிர்மீனில்தான் தேட வேண்டும்.

அதற்குப் பண்ணைக்குப் போக வேண்டும். மீன் வலையில் உடம்பைத் தேய்க்கிறது, கண் வெளுக்கிறது, தீனி எடுக்கவில்லை என்றால் நியோபெனிடெனியா என்ற தட்டைப்புழுவைச் சந்தேகப்படுங்கள். மருந்து வாங்க ஓடும் முன் உப்பில்லாத நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிப் பாருங்கள். கொடுவா நன்னீரிலும் வாழும் மீன், தாங்கும். தொட்டித் தண்ணீரின் சூடு கடல்நீரை ஒத்திருக்கட்டும், காற்றுக்குழாய் ஓடட்டும். முதலில் இரண்டே மீனை ஐந்து நிமிடம் விடுங்கள். சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மீன்மேல் கண்ணாடி போலிருந்து கண்ணுக்கே படாத புழு, இப்போது பால்வெள்ளையாகி அடியில் உதிரும். முதல்முறை பார்ப்பவர்கள் செதிள் என்று நினைப்பார்கள்.

குளியலில் புழு சாகும், முட்டை சாகாது. முட்டையின் நூல் வலையில் சிக்கிக்கொண்டிருக்கும். அதனால் வலையை மாற்றி, பழையதை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி குளிப்பாட்ட வேண்டும்.

மேலெல்லாம் வெண்புள்ளி என்றால் கிரிப்டோகாரியன் என்ற வேறொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம். தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், இந்தக் குளியலுக்கு அசையாது.

குளித்த தண்ணீரைக் கூண்டுப் பக்கம் கொட்டாதீர்கள். உதிர்ந்த புழுவோடு முட்டையும் அதில்தான் கிடக்கும்.