ரோமம் கத்தரிக்கப் பழக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் மெரினோ இனச் செம்மறி ஆட்டுக் கொட்டகைகளில் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம் ஊரே கேட்கிற கேள்வி, ‘இன்றைக்கு எத்தனை ஆடு முடித்தாய்?’ பழக்குகிறவரும் அதையே கேட்க ஆரம்பித்தால் பயிற்சி அங்கேயே கெட்டுவிடும். 1892-இல் குவீன்ஸ்லாந்தில் ஜாக்கி ஹவ் வெறும் கைக்கத்தரியை வைத்து 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளை முடித்த கதை அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், அது பெரிய சாதனைதான். ஆனால் இரண்டாவது வாரத்தில் இருக்கிற பையனுக்கு எண்ணிக்கையைக் குறி வைத்துக் கொடுத்தால் அவன் வேகத்தை வலது கையில் தேடுவான். வேகம் இருப்பது காலிலும் இடது கையிலும். 1953-இல் 9 மணி நேரத்தில் 456 ஆடுகளைக் கத்தரித்த நியூசிலாந்தின் காட்ஃப்ரே போவன் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: கால் வைக்கிற இடம், தோலை இழுத்துப் பிடிக்கிற இடது கை, நீளமான வீச்சு.

ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்து, முதுகை நம் காலில் சாய்த்து, முழங்கால்களால் தாங்க வேண்டும். சாய்மானம் சரியாக இருந்தால் அது தளர்ந்து உட்கார்ந்துவிடும். கால் ஓர் அரையடி தவறினாலும் அதன் குளம்புக்குத் தரை கிடைத்துவிடும், உடனே உதைக்கும், இவன் இறுக்கிப் பிடிப்பான், அது இன்னும் உதைக்கும். அதனால் மெஷினை ஓடவிடாமலே வயிற்றில் தொடங்கிக் கடைசி விலாப்பக்கம் வரை ஒவ்வொரு நிலையையும் நடந்து பழகட்டும். அப்புறம், ஆட்டை முந்தின நாளே தீனியிலிருந்து பிரித்து வைத்தீர்களா என்று பாருங்கள். வயிறு நிறைந்த ஆடு உட்கார முடியாமல் திமிறும், சாணம் போட்டு ரோமத்தையும் கெடுக்கும், அதற்குப் பையனைத் திட்டுவது அநியாயம்.

மெஷினில் அசைந்து வெட்டுகிற கத்தியான கட்டர் மழுங்கியதும் புதியவர்கள் அதை மாற்றாமல், அதை அழுத்திப் பிடிக்கிற திருகை முறுக்குவார்கள். கட்டருக்கு அடியில் தோலை ஒட்டி ஓடுகிற பல் தகடான சீப்பு சூடேறி ஆட்டின் தோலைச் சுடும், கையும் சீக்கிரம் சோர்ந்துபோகும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள், அதாவது ஓர் இடைவேளையிலிருந்து அடுத்த இடைவேளைக்குள், கட்டரைப் பலமுறை மாற்றத்தான் வேண்டும். சாணை பிடிப்பதைப் பயிற்சியின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

மதிப்பிடும்போது நடக்கிற பெரிய தவறு, கத்தரிக்கிறவரின் முதுகையும் கடிகாரத்தையும் மட்டும் பார்ப்பது. ரோமம் பிரிக்கிற மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். சீப்பு தோலை விட்டு எழும்பினால் மேலே ஒரு கட்டை ரோமம் நிற்கும், அதை எடுக்க அதே இடத்தில் மறுபடி ஓட்டினால் விரல் நக அளவுக்குத் துணுக்குகள் விழும். அவை மேசைச் சட்டங்களின் இடுக்கு வழியே தரையில் கொட்டிக் கிடக்கும். நூற்பாலைக்கு ரோமத்தின் நீளமும் முக்கியம் என்பதால் அந்தத் துணுக்கெல்லாம் விவசாயியின் நஷ்டம். பிறகு ஆட்டையே போய்ப் பாருங்கள், மடிக்காம்பும் பின்னங்கால் நரம்பும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று. நியூசிலாந்தின் கோல்டன் ஷியர்ஸ் போட்டியில்கூட 20 விநாடிக்கு ஒரு புள்ளி என்று நேரத்தைக் கணக்கிட்டாலும், வெட்டும் விதத்துக்கும் வெளியே வந்த ஆட்டின் நிலைக்கும் தனித்தனியே தண்டப் புள்ளி போடுகிறார்கள்.

காலையில் நல்ல ஆடாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்துத் தேர்ச்சி போடுவதும் வேண்டாம். நாளின் கடைசி ஓட்டத்தில், சுருக்கத் தோலுள்ள ஆட்டோடு அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள், முதுகு வலியில் எந்த நிலை கலைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ரோமம் பிரிப்பவர்களை ‘கூட்டிப் பெருக்குகிறவர்கள்’ என்று நினைத்து மேலோட்டமாகப் பழக்குகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. நல்ல ரோமத்தை விலையாக்குவது அவர்கள் கைதான். மேசையில் விரித்த ரோமத்தின் அழுக்கு ஓரத்தை எடுக்கச் சொன்னால் பயத்தில் அதிகமாகக் கிழித்துவிடுவார்கள். அதை மேசையில் கண்டுபிடிக்க முடியாது, ஓரக் கழிவு போடும் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், நீளமான சுத்தமான ரோமம் வந்தால் அளவு மீறிவிட்டது. மூத்திரக் கறை படிந்தது, வயிற்று ரோமம், கழுத்து ரோமம் மூன்றும் கலக்காமல் போகின்றனவா என்று பாருங்கள். தரையில் ஒரு பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டைப் போட்டுவிட்டு யார் குனிந்து எடுக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். சாயம் ஏறாத அந்த ஓர் இழை பேலுக்குள், அதாவது ரோமம் அடைக்கிற பொதிக்குள், போய்விட்டால் கடைசியில் துணியில்தான் கண்ணுக்குத் தெரியும்.