இளைஞர்களோடு ஓர் இணைய வானொலி: முதல் ஒலிபரப்பு வரை

இணைய வானொலி தொடங்குவதில் கஷ்டமான வேலை கணினியில் இல்லை. மென்பொருளை ஒரு மாலையில் அமைத்துவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். அதற்குத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

படி 1: ஆளுக்கொரு வேலை

ஐந்தாறு பேர் போதும். பேச இரண்டு பேர், ஒலி அளவைப் பார்த்துக்கொள்ள ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், எல்லாவற்றையும் கோத்து நடத்தும் தயாரிப்பாளர் ஒருவர். வாராவாரம் வேலையை மாற்றிக் கொடுங்கள். கூச்சப்படும் பிள்ளையை முதல் நாளே பேசச் சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் மூன்று வாரம் ஒலிப் பொத்தானை மட்டும் பார்த்துக்கொண்டாள். நாலாவது வாரம் அவளாகவே, "மணி என்னன்னு மட்டும் நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

படி 2: எதைப் பேசுவது?

இதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "பெரியவர்கள் நம்மிடம் கேட்கவே கேட்காத கேள்வி எது?" என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். தாள்களைக் கலந்து போட்டுப் படித்தால் நாலு வாரத்துக்கு விஷயம் கிடைத்துவிடும்.

தலைப்பைச் சின்னதாக்குங்கள். 'கல்வி' என்று வைத்தால் மேடைப்பேச்சுதான் வரும். 'தேர்வுக்கு முந்தின ராத்திரி ஏன் தூக்கம் வருவதில்லை' என்று வைத்தால் நிகழ்ச்சி வரும். முதல் நிகழ்ச்சி இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

முழுக்க எழுதிவைத்துப் படித்தால் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எழுதட்டும், நடுவில் குறிப்புகள் போதும். "அன்பார்ந்த நேயர்களே" என்று குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தால் சிரித்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பனைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள், சொந்தக் குரல் தானாக வந்துவிடும்.

படி 3: மைக்கும் அறையும்

ஒரு மடிக்கணினி, யூ.எஸ்.பி. மைக், காதை மூடும் ஹெட்போன். வைஃபையை நம்புவதைவிட இணைய இணைப்பைக் கேபிள் வழியாகக் கொடுப்பது நல்லது. எதிரொலிக்கும் காலி அறையைவிடத் திரைச்சீலையும் துணிமணியும் நிறைந்த அறை எவ்வளவோ மேல்.

மைக் வாயிலிருந்து நாலைந்து விரல் தள்ளி இருக்கட்டும். "பப்பாளி, பட்டம், பம்பரம்" என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி டொப் டொப்பென்று கேட்டால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். சத்தமாகச் சிரிக்கும்போதும் கணினித் திரையில் தெரியும் ஒலி அளவுகோல் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது (பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதையும்).

படி 4: இணையத்தில் ஏற்றுவது

உங்கள் கணினி ஒலியை ஒரு சர்வருக்கு, அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினிக்கு, அனுப்புகிறது, கேட்பவர்கள் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். சர்வரில் ஓடி ஒலியைக் கேட்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஐஸ்காஸ்ட் ஒரு இலவச மென்பொருள். கட்டளை அடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அஸுராகாஸ்ட் வசதி. அதுவும் இலவசம்தான், ஆனால் அதை நிறுவ ஒரு வாடகை சர்வர் வேண்டும். பாட்டுப் பட்டியல், நேர அட்டவணை எல்லாம் அதன் திரையிலேயே இருக்கும்.

உங்கள் கணினியில், ஒலியைச் சர்வருக்கு அனுப்பும் 'பட்' (butt) என்ற சின்ன மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் சர்வர் முகவரி, போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசல் எண், ஐஸ்காஸ்ட்டில் வழக்கமாக 8000), பாஸ்வேர்ட், மவுண்ட் பெயர் (சர்வரில் உங்கள் ஒலிபரப்புக்கு வைக்கும் பெயர்) ஆகிய நான்கையும் நிரப்பி ப்ளே பொத்தானை அழுத்தினால் ஒலிபரப்பு தொடங்கிவிடும். ஐஸ்காஸ்ட்டோடு வரும் மாதிரிப் பாஸ்வேர்டே 'ஹேக்மீ' என்றுதான் இருக்கும், அதை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

பேச்சு நிகழ்ச்சிக்கு மோனோவில் (இடம், வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலியில்) 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபிட் வேகம், போதும். கேட்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி செலவாகும். 128 வைத்தால் அது இரட்டிப்பாகும். சொந்தக் காசில் டேட்டா போடும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நீங்கள் பேசுவது கேட்பவருக்குப் பத்து, இருபது நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். எங்களுக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பில், பேசியவர் பக்கத்திலேயே வானொலியையும் ஓடவிட்டிருந்தார். பிள்ளைகள் "ஹலோ" என்கிறார்கள், அவர் தன் பழைய "ஹலோ"வுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழைப்பவரிடம் முதலில் வானொலியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

படி 5: ஒலிபரப்புக்கு முன்

காசு கொடுத்து வாங்கிய பாட்டாக இருந்தாலும் அனுமதியில்லாமல் ஒலிபரப்ப முடியாது. பாடலை எழுதி இசையமைத்தவர்களுக்கு ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. படைத்தவர்களே பிறர் பயன்படுத்திக்கொள்ள விட்டுத்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவற்றை, நிபந்தனையைப் படித்துவிட்டுப் போடுங்கள். இல்லை, பிள்ளைகளே மெட்டுப் போட்டுப் பாடட்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். முழுப் பெயர், படிக்கும் இடம், வீட்டு முகவரி எதுவும் ஒலியில் வரக் கூடாது. அடுத்தவர் கதையைச் சொல்லும்போதும் அப்படித்தான்.

படி 6: ஒலிபரப்பும் அதற்குப் பிறகும்

'பட்'டில் இருக்கும் ரெக்கார்ட் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். நேரலையைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், அவர்களுக்காகப் பதிவைப் பிறகு ஏற்றலாம். எங்கள் முதல் நாள் கணக்கில் ஏழு பேர் கேட்டதாகக் காட்டியது. அதில் மூன்று பேர் நாங்களே.

முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை அதை மறந்து, "அப்பாடா, அந்த அங்கிள் குறுக்கே பேசாம இருந்தார்" என்று ஒரு பையன் சொன்னதும் சேர்ந்தே ஒலிபரப்பாகிவிட்டது. அந்த அங்கிள் நான்தான்.