கல்யாணப் பத்திரிகையும் டி டிரைவும்

எங்கள் டிடிபி கடையில் ஆவணி பிறந்தால் சாப்பிட நேரம் இருக்காது. அப்படி ஓர் ஆவணியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரிபார்க்க வந்தவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துப் போனார். திறந்து பார்த்தால் டெஸ்க்டாப் துடைத்து வைத்த தரை மாதிரி இருந்தது. 17 கல்யாணப் பத்திரிகைகள் அங்கேதான் இருந்தன. டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டு டிரைவாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: விண்டோஸும் சாஃப்ட்வேரும் சி-யில், வேலை முழுக்க டி-யில். விண்டோஸைத் திரும்பப் போட வேண்டி வந்தால் சி-யை மட்டும் அழித்துப் போடச் சொல்லலாம். பிரிப்பதற்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டாம்.

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது; யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஸ்டார்ட் பொத்தான்மேல் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வரும். என் 1 டிபி டிஸ்க்கை அது 931 ஜிபி என்றுதான் காட்டியது. கடைக்காரர் ஏமாற்றவில்லை: தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம். ஈஎஃப்ஐ, ரெக்கவரி என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள்; விண்டோஸ் தொடங்கவும் பழுது பார்க்கவும் தேவையானவை அவை.

சி கட்டத்தில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. வருகிற பெட்டியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சி-க்கு எவ்வளவு வேண்டும் என்று அது கேட்கவில்லை. சி-யிலிருந்து எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்று கேட்கிறது, அதுவும் எம்பி கணக்கில். டி-க்கு 600 ஜிபி வேண்டுமானால் 600-ஐ 1024-ஆல் பெருக்கி 614400 என்று போட வேண்டும்.

எனக்கு அதிலும் வம்பு. உள்ளே 800 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 450-க்கு மேல் தர மறுத்தது. நகர்த்த முடியாத சிஸ்டம் ஃபைல் ஏதாவது நடுவில் உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி வெட்ட விண்டோஸ் விடாது. ராம் போதாதபோது டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தும் வெர்ச்சுவல் மெமரியையும், பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் குறித்து வைக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தேன், 600 கிடைத்தது. வேலை முடிந்ததும் இரண்டையும் மறக்காமல் திரும்பப் போட்டுவிட்டேன்.

அப்புறம் எல்லாம் சுலபம். வெட்டிய இடம் கறுப்புப் பட்டையோடு தெரியும். அதில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்'. ஃபார்மட் பற்றிக் கேட்கும் இடத்தில் என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட் என்று தேர்ந்தெடுங்கள். பெயர் 'வேலை'. டிவிடி டிரைவ் இருந்தால் டி என்ற எழுத்தை அது பிடித்திருக்கும். ஈ கிடைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் அங்கே மாற்றலாம்: ப்ராபர்ட்டீஸ், லொகேஷன், மூவ். ஆனால் டி-யை மொத்தமாகக் காட்டாமல் அதற்குள் ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். மொத்த டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டால் திரும்பப் பிரிப்பது பெரிய தலைவலி.

ஆர்வக் கோளாறில் ஒரு தடவை பத்திரிகைக்கு ஒன்று, ஃப்ளெக்ஸுக்கு ஒன்று, வினாத்தாளுக்கு ஒன்று என்று 5 டிரைவ் போட்டேன். ஃப்ளெக்ஸ் டிரைவ் ஆறே மாதத்தில் நிரம்பியது, வினாத்தாள் டிரைவ் காற்று வாங்கியது. சரி, பாதியை இதற்குக் கொடுக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை: ஒரு டிரைவைப் பெரிதாக்க, அதன் வலப்பக்கத்திலேயே ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான் விண்டோஸ் விடுகிறது. இரண்டு டிரைவ் போதும். மற்றதெல்லாம் டி-க்குள் ஃபோல்டர்: வருடம், மாதம், வாடிக்கையாளர் பெயர்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய தமிழ் எழுத்துருக்கள் சி-யில்தான் பதிவாகின்றன. விண்டோஸைத் திரும்பப் போட்டால் அவை போய்விடும். பத்திரிகை பத்திரமாக டி-யில் இருந்தும் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு ஃபைல்களுக்கும் டி-யில் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறேன்.

சி-யும் டி-யும் ஒரே டிஸ்க். அது செத்தால் இரண்டும் போகும். சாயங்காலம் கடை சாத்தும்போது 'வேலை' மொத்தமும் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏறி என் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வருகிறது.