மூடகப் பாறையின் பாய்ச்சலைக் கணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருவர் தமது கணக்குக் கொப்பியை என் முன் விரித்து வைத்தார். புவியோட்டின் கீழுள்ள மூடகத்தின் பாறை எவ்வளவு எளிதில் பாயும் என்ற கணக்கு அது. வெப்பநிலைக்கு 1300 பாகை செல்சியஸ் என்று எழுதி வெட்டியிருந்தார். அதன் கீழே 1100, பிறகு 900, இரண்டும் வெட்டப்பட்டிருந்தன. கடைசியாக 710 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "இப்ப விடை பொருந்துது, சேர்" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கில் இதே எண்ணுக்கு நானும் இறங்கி வந்தவன் என்பதால், பிழை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழம் வரை பரந்துள்ள மூடகம் திண்மப் பாறையே. ஆயினும் நெடுங்கால அளவில் அது பாய்கிறது. பாயச் செய்பவை பளிங்குகளில் உள்ள குறைகள்: அணு இருக்க வேண்டிய இடத்தில் அணு இல்லாத வெற்றிடங்கள், அணுத்தளம் ஒன்று பாதியில் நின்றுவிடுவதால் உண்டாகும் இடப்பிறழ்வுக் கோடுகள், பாறையை ஆக்கும் சிறு பளிங்குகளான மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள். கெல்வினுக்குப் பதில் செல்சியஸை இடுவது போன்ற சறுக்கல்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விடையைப் பார்த்ததுமே அவை தெரிந்துவிடும்.

மணியளவை ஆய்வுகூடத்திலிருந்து அப்படியே எடுத்தல்

மேல் மூடகத்தில் மிகுதியாக உள்ள கனிமம் ஒலிவைன். செட்டியார் தெருவில் பச்சைப் பெரிடொட் கல் பதித்த மோதிரம் வாங்கியவர் வாங்கியது இதே கனிமத்தைத்தான். தகைப்புக்கு, அதாவது ஓரலகுப் பரப்பின் மேல் தாக்கும் விசைக்கு, உள்ளான ஒலிவைனில் அணுக்கள் வெற்றிடம் வெற்றிடமாக இடம் மாறிப் பாறை மெல்ல உருமாறுவதைப் பரவல் ஊர்வு என்கிறோம். மணியின் நெருக்கப்படும் பக்கத்திலிருந்து புறப்படும் அணு மறுபக்கம் சென்று சேர வேண்டியிருப்பதால், மணி பெரிதானால் அதன் பயணம் நீள்கிறது. மணியின் உள்ளாகச் சென்றால் பாய்ச்சலின் வேகம் மணியளவின் இரண்டாம் அடுக்குக்கு நேர்மாறாகவும், மணி எல்லை வழியே சென்றால் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகவும் குறையும். முன்னதை நபாரோவும் ஹெரிங்கும் விளக்கினர். பின்னதை 1963இல் கோபிள் விளக்கினார்.

இந்த ஊர்வை நாட்கணக்கில் காத்திராமல் அளந்துவிட வேண்டும் என்பதற்காகவே, ஆய்வுகூடங்களில் ஒலிவைனைப் பொடித்து, ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர் மணிகள் கொண்ட மாதிரியாகச் சூட்டில் அழுத்தி எடுக்கிறார்கள். எரிமலைக் குழம்பு மேலே கொண்டுவரும் மூடகப் பாறைத் துண்டுகளிலோ மணிகள் மில்லிமீற்றர் கணக்கில் இருக்கின்றன. 3 மில்லிமீற்றர் என்று கொண்டால் மணியளவு 300 மடங்காகிறது. அதன் மூன்றாம் அடுக்கு 2.7 கோடி.

நான் அந்த 10ஐ அப்படியே இட்டேன், பிசுக்குமை, அதாவது பாய்ச்சலுக்குப் பாறை காட்டும் எதிர்ப்பு, 2.7 கோடி மடங்கு குறைந்து வந்தது. சமன்பாட்டில் என் கைக்கு எட்டிய அளவு வெப்பநிலையாக இருந்ததால் அதை இறக்கினேன். அணுக்கள் இடம் மாறத் தேவையான ஏவற்சக்தி மோலுக்கு 375 கிலோயூல் என்றிருக்க, 1300 பாகையிலிருந்து 710 பாகைக்கு வந்ததும் விடை சரியாக அமர்ந்தது. ஆனால் 710 பாகை பாயும் படையின் வெப்பநிலை அன்று. அதற்கு மேலே விறைத்து நிற்கும் தட்டுக்கே அது உரியது. மூன்று மாத உழைப்பை அந்த எண்ணின் மேல் கட்டியிருந்தேன். மூத்தவர் ஒருவர் "மணி எவ்வளவு?" என்று கேட்டபோது அத்தனையும் சரிந்தது. மணியளவை மறந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருந்தாத விடையைப் பொருத்துவதற்காக, நன்கு தெரிந்த ஓர் அளவைத் தெரியாதது போல் நகர்த்துவதை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மணியளவைத் திருத்தியதோடும் வேலை முடிவதில்லை. மணிகள் பெரிதாகிப் பரவல் ஊர்வு மந்தமானதும், இடப்பிறழ்வுகள் நகர்வதால் நிகழும் ஊர்வு அதனோடு போட்டிக்கு வருகிறது. அதற்கு மணியளவு பொருட்டன்று. தகைப்போ ஏறத்தாழ 3.5ஆம் அடுக்கில் வேலை செய்கிறது. தகைப்பை இரட்டித்தால் பரவல் ஊர்வின் வேகம் 2 மடங்காகும், இடப்பிறழ்வு ஊர்வின் வேகம் 11 மடங்குக்கு மேலாகும். ஆகவே இரண்டு வேகங்களையும் தனித்தனியே கணித்துக் கூட்டி, எது பெரியது என்று பார்த்த பின்பே பிசுக்குமையைப் பற்றிப் பேச வேண்டும். மாணவி 710ஐ அழித்து மீண்டும் 1300 என்று எழுதி, இரண்டாவது வேகத்துக்குப் புதிய பக்கம் புரட்டினார்.

எந்தக் குறை வேலை செய்கிறது என்று கேளாமல் வரைபின் கோட்டை நீட்டுதல்

ஆய்வுகூடத்தில் ஒரு சதவீத விகாரம், அதாவது உருமாற்றம், 17 நிமிடங்களில் ஏற்படலாம். மூடகத்தில் அதற்கு 3 இலட்சம் ஆண்டுகள் ஆகலாம். ஆகவே ஆய்வுகூட அளவீட்டை மூடகத்தின் சிறிய தகைப்புக்கு நீட்டித்தே கணிக்க வேண்டியிருக்கிறது. 100 மெகாபஸ்காலில் இடப்பிறழ்வுகளால் பாய்ந்த மாதிரியின் அளவீட்டை, 3.5ஆம் அடுக்கை மறந்து நேர்விகிதம் என்று கருதி 1 மெகாபஸ்காலுக்குக் கொண்டுவருபவர், வேகத்தை ஓர் இலட்சம் மடங்கு கூட்டிச் சொல்கிறார்.

நூறு பாகையைப் பொருட்படுத்தாமை

1300 பாகைக்கும் 1200 பாகைக்கும் இடையில் உலர்ந்த ஒலிவைனின் இடப்பிறழ்வு ஊர்வு ஏறத்தாழ 15 மடங்கு மாறும்.

"நீர்" என்றதும் திரவத்தை எண்ணுதல்

மூடகப் பாறையில் நீர் உண்டு என்று சொல்லும்போது, பளிங்கினுள் இருப்பது ஐதரசன். அது குறைகளோடு சேர்ந்து தங்கிப் பாறையை மென்மையாக்குகிறது.

இடப்பிறழ்வுகளை எண்ணி ஆழத்துத் தகைப்பைக் கூறுதல்

மெருகேற்றிய ஒலிவைன் துண்டை ஏறத்தாழ 900 பாகையில் ஒரு மணித்தியாலம் காற்றில் சூடாக்கினால், இடப்பிறழ்வுக் கோடுகள் ஒட்சியேற்றம் அடைந்து, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே கபில நிற இழைகளாகத் தெரியும். முதன்முறை பார்ப்பவருக்குக் கண்ணை எடுக்க மனம் வராது. தகைப்பு கூடினால் அவற்றின் அடர்த்தியும் கூடும் என்பது உண்மைதான். எனினும் அந்த அடர்த்தி விரைவில் மாறக்கூடியது; எரிமலைக் குழம்போடு பாறைத் துண்டு மேலேறி வரும் வழியில் பட்ட தகைப்பே அதில் பதிந்திருக்கக்கூடும். பாறை உருமாறும்போது புதிதாக உண்டாகும், மீள்பளிங்காகிய மணிகளின் அளவு அத்தனை விரைவில் மாறுவதில்லை. ஆழத்துத் தகைப்பைத் தேடுபவர் முதலில் அளக்க வேண்டியது அதையே.