கொழும்பில் வீட்டுத் தோட்டம் அமைக்க எவ்வளவு போகும்? நீங்களே கணக்குப் பார்க்கும் முறை

வீடு கட்டி முடிந்து பெயின்ட் வாசம் போவதற்குள் எல்லாரும் கேட்கிற கேள்வி, "இந்த வளவை ஆள் வைத்துச் சரிபண்ண எவ்வளவு போகும்?" என்பதுதான். வந்து பார்க்காமலே இதற்கு ஒரு தொகை சொல்கிற கொன்ட்ராக்டரை நம்பாதீர்கள். வெள்ளவத்தையில் லொறி நுழையாத ஒழுங்கைக்குள் இருக்கும் பத்துப் பேர்ச்சுக்கும், பத்தரமுல்லையில் பெரிய கேற் வைத்த பத்துப் பேர்ச்சுக்கும் ஒரே செலவு வராது. பழைய விலைகளும் உதவாது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் போனது. டீசல், உரம், பைப் என்று எல்லாமே அதோடு ஏறின. அதற்கு முன் தோட்டம் போட்ட உறவினர் சொல்லும் தொகையை வைத்து இன்று திட்டம் போட முடியாது.

விலை மாறும், ஆனால் அளவு மாறாது. உங்கள் வளவுக்கு எத்தனை சதுர அடி புல், எத்தனை கியூப் மண், எத்தனை ஆள் எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால், அன்றைய விலையைப் போட்டுத் தொகையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: அளந்து வரையுங்கள்

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் ஏறத்தாழ 2,722 சதுர அடி. அதில் வீடு 1,600 சதுர அடி, கார் நிற்கும் இடமும் நடைபாதையும் 500 என்று வைத்துக்கொள்வோம். மதிலோரக் கானையும் கழித்தால் தோட்டத்துக்கு 600 சதுர அடி மிஞ்சும். இந்த 600ஐயே கடைசிவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தாளில் வளவைக் கீறி, காலை வெயில் எங்கே விழுகிறது, கூரைத் தண்ணீர் எந்தப் பைப்பால் இறங்குகிறது, மலசலக்குழி எங்கே, கேற் எத்தனை அடி அகலம் என்பதையெல்லாம் குறித்துவையுங்கள். கேற் அகலத்தை ஏன் கேட்கிறேன் என்றால், லொறி உள்ளே வர முடியாவிட்டால் மண் முழுவதையும் கூடையிலோ தள்ளுவண்டியிலோதான் கொண்டுவர வேண்டும். அது தனிக் கூலி.

இரண்டாம் படி: முதலில் தண்ணீர், பிறகுதான் புல்

பணம் மிச்சம் பிடிக்கப் பலர் வெட்டுகிற இடம் இதுதான். அதுதான் பின்னால் அதிகச் செலவையும் கொண்டுவருகிறது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அடித்து ஊற்றும். 50 மில்லிமீற்றர் மழை விழுகிற ஒரு நாளில் 1,600 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் சுமார் 7,400 லீற்றர் இறங்கும். தோட்டத்தின் 600 சதுர அடியிலும் இன்னொரு 2,800 லீற்றர் விழும். இவ்வளவும் எங்கே போகும் என்று கொன்ட்ராக்டரிடம் கேளுங்கள். "அது மண்ணுக்குள் போய்விடும்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்துக்கு வடிகான் பைப்பும் சரளைக் கல்லும் போட வேண்டும். அதற்கான காசைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். நூறு அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் 30 அடி நீளத்துக்குச் சுமார் 4 அங்குலச் சரிவு போதும். தோட்டத்து மண் வீட்டின் உள்தரை மட்டத்திலிருந்து குறைந்தது 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும். மண்ணை உயர்த்திச் சுவரோடு அணைத்தால் ஈரம் ஏறிப் பெயின்ட் உரியும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2016 மே வெள்ளத்தை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தண்ணீர் தேங்கினால் நுளம்பும் வரும். வளவில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது அங்கே குடியிருப்பவர்களின் பொறுப்பு என்று 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதனால் மூடியில்லாத தொட்டி, அடைத்துக்கொள்ளும் வாய்க்கால், இலைக்கணுவில் தண்ணீர் பிடிக்கும் செடி எதையும் யோசித்தே வையுங்கள்.

மூன்றாம் படி: மண் கணக்கு

கட்டட வேலை முடிந்த வளவில் மேலே தெரிவது மண் மாதிரி இருக்கும். கிண்டிப் பார்த்தால் சீமெந்துக் கட்டி, உடைந்த ஓடு, கபுக் கல் துண்டு என்று இருக்கும். அதன் மேலேயே புல்லைப் பதித்தால் ஒரு வெயில் காலம் தாங்காது. மேலே 4 அங்குலத்தை வெட்டி அகற்ற வேண்டுமானால், 600 சதுர அடியில் அது 200 கன அடி, அதாவது 2 கியூப். (ஒரு கியூப் 100 கன அடி.) வெட்டிய மண் உப்பும் என்பதால் ஏற்றிக்கொண்டுபோக 2.5 கியூப் என்று வையுங்கள். நல்ல மேல்மண் 6 அங்குலம் போட்டால் 300 கன அடி, 3 கியூப். இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு லோட் மண் போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால், ஒரு லோட் எத்தனை கியூப் என்று கேட்கும் தைரியம் இதிலிருந்துதான் வரும்.

மொட்டை மாடியில் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கியூப் ஈர மண் ஏறத்தாழ 5 தொன் பாரம். பொறியியலாளரிடம் கேட்காமல் மேலே ஏற்றாதீர்கள்.

நான்காம் படி: எங்கே என்ன

எல்லா இடத்துக்கும் புல் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே நாலடி இடைவெளியில் வெயில் விழாது. அங்கே எந்தப் புல்லும் மெலிந்து பாசியாகும். சரளைக் கல்லும் நிழல் தாங்கும் செடியும் போதும், செலவும் குறையும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பாகத்தலை வீதியின் 33ஆம் ஒழுங்கையில் தனக்கென்று அமைத்த வீட்டில், சிறு சிறு முற்றங்களையும் மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் வைத்தே அழகு செய்திருக்கிறார். நெருக்கமான கொழும்புக் காணிக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. செயற்கைப் புல் போட நினைத்தால் மத்தியான வெயிலில் ஒருமுறை வெறுங்காலோடு அதில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடற்கரைக்குக் கிட்ட, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமென்றால் உப்புக் காற்று இளம் இலைகளைக் கருக்கும். அரளி, செவ்வரத்தை, நந்தியாவட்டை அங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கும். கறிவேப்பிலை, தேசி, ரம்பை மூன்றையும் குசினிக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அழகும் பயனும் ஒன்றாகக் கிடைக்கும். செடியை வளர்ந்த நிலையில் வாங்கினால் விலை பல மடங்கு. இரண்டு வருடம் பொறுக்க முடிந்தால் சின்னச் செடியே போதும். பத்தரமுல்லை தியத்த உயன போன்ற இடங்களில் ஒரு சனிக்கிழமை சுற்றி, செடி விலைகளை நேரில் எழுதிக்கொண்டு வந்தால் கொன்ட்ராக்டரின் பட்டியலை ஒப்பிட முடியும்.

வளவில் பலா, ஈரப்பலா, பெண் பனை நின்றால் நினைத்தபடி வெட்ட முடியாது. பிரதேச செயலகத்தில் அனுமதி வேண்டும். அனுமதி வரும் வரை வேலை நிற்கும், அதையும் நாட்கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கொட்டேஷன் வாங்குதல்

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். மூன்று பேருக்கும் அதே தாளை, அதே அளவுகளைக் கொடுங்கள். ஒருவர் 3 அங்குல மண்ணுக்கும் இன்னொருவர் 6 அங்குலத்துக்கும் விலை போட்டால் எது மலிவு என்று சொல்லவே முடியாது. "தோட்ட வேலை முழுவதும்" என்று ஒரே வரியில் தொகை எழுதினால் திருப்பிக் கொடுத்து, அகற்றல், மண், உரம், வடிகால், புல், செடி, கூலி என்று பிரித்துக் கேளுங்கள்.

பிரித்தால் எப்படித் தெரியும் என்று பாருங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை, உங்களுக்குக் கிடைக்கும் விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

அகற்றல்: 2.5 கியூப் × 6,000 = 15,000
மேல்மண்: 3 கியூப் × 12,000 = 36,000
உரம், கூட்டெரு: 10,000
புல்: 600 சதுர அடி × 80 = 48,000
கூலி: 4 பேர் × 3 நாள் × 4,000 = 48,000
மொத்தம்: 1,57,000 ரூபாய்

இதில் வடிகாலும் செடியும் இன்னும் இல்லை. அப்படியிருந்தும் புல் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. சதுர அடிப் புல் விலையை மட்டும் கேட்டுவிட்டு "48,000தான்" என்று நினைத்தவர் பிறகு எப்படித் திகைப்பார் என்பது புரியும். மண் விலை கியூபுக்கு 3,000 ரூபாய் ஏறினால் மொத்தத்தில் 9,000 கூடும். இப்படி ஒவ்வொரு வரியையும் அசைத்துப் பாருங்கள்.

வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். வேலையைத் தங்களுக்கே தந்தால் அதைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். சரிவான காணி, பெரிய வளவு என்றால் படித்த வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. சின்ன முன்முற்றத்துக்கு நல்ல தோட்ட பாஸ் ஒருவரே போதும்.

அடுத்தது வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். சொன்ன விலைக்குள் அடங்குகிறதா, மேலே வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரி கேட்பவரிடம் பதிவிலக்கம் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பணம் கொடுப்பதும் பிறகு பராமரிப்பதும்

முற்பணமாகப் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். மண் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, புல் பதித்ததும் ஒரு பகுதி. மண் இறங்கும் நாளில் வீட்டில் யாராவது நின்று, லொறிப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்து கியூபைச் சரிபாருங்கள். கடைசி ஒரு பங்கைப் புல் வேர்விடும் வரை, ஒரு மாதமாவது, கையில் வைத்திருங்கள். காய்ந்த இடத்தை அவர்களே மாற்றித்தர வேண்டும் என்பதையும் முதலிலேயே கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

நாளையும் பார்த்து வையுங்கள். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் பதித்தால் தண்ணீர் பில் ஏறும். சித்திரைப் புத்தாண்டையொட்டி வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அரைகுறையில் நிற்கும். மழை தொடங்கும் காலம் நல்லது, ஆனால் வடிகால் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் மாதப் பராமரிப்பு. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது புல் வெட்ட வேண்டியிருக்கும். மாதத் தொகை பேசும்போது எத்தனை தடவை வருவார்கள், களை பிடுங்குவதும் உரமும் அதில் அடங்குமா, வெட்டிய புல்லையும் கிளையையும் யார் கொண்டுபோவது என்று மூன்றையும் கேளுங்கள். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, தோட்டம் போடும் செலவோடு சேர்த்துப் பார்த்த பிறகு ஆளைத் தீர்மானியுங்கள்.