கேபிள் போட்டும் நெட் விட்டு விட்டுப் போகிறதா? அறுபடும் இடத்தைப் பிடிக்கும் வழி

வைஃபையில் நெட் போய் வந்தால் சுவர், தூரம், பக்கத்து வீட்டு ரவுட்டர் என்று எதையாவது சந்தேகிக்கலாம். லேன் கேபிளை நேராகச் செருகிய கணினியிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் இணைப்பு அறுந்து தானாகத் திரும்பி வருகிறது என்றால், பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. முழுதாகச் செத்த இணைப்பைச் சரிசெய்வது எளிது. எதை மாற்றியதும் உயிர் வந்ததோ அதுதான் காரணம். விட்டு விட்டு வரும் கோளாறில் அந்தக் கணக்கு செல்லாது. நீங்கள் கேபிளைத் தொட்ட நேரத்தில் அது தானாகவே சரியாகியிருக்கலாம். நாளைக்கு மறுபடி வரும்.

ஆகவே, அறுந்தவுடன் ரவுட்டரை அணைத்துப் போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் பதிவேடு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனதும் அழிந்துவிடும். அறுந்திருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் கையில் இருக்கும் தடயம். அப்போது பாதையின் எந்தத் துண்டு செத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று ஜன்னல் சோதனை

கணினியில் மூன்று கட்டளை ஜன்னல்களைத் திறந்து மூன்று முகவரிகளுக்குத் தொடர்ந்து பிங் (ping) ஓட விடுங்கள். சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. முதலாவது உங்கள் ரவுட்டர். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, விண்டோஸில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் இருக்கும். இரண்டாவது, இணையச் சேவை தருபவரின் முதல் நிலையம். பாதையில் உள்ள நிலையங்களை வரிசையாகக் காட்டும் ட்ரேசர்ட் (tracert) கட்டளையை ஓட்டினால் ரவுட்டருக்கு அடுத்த வரியில் வரும் முகவரி அது. பதில் தராத நிலையமாக இருந்தால் அதற்கடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வெளியே தொலைவில் இருக்கும் 8.8.8.8 அல்லது 1.1.1.1.

விண்டோஸில் பிங் நான்கு முறை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடும். கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். லினக்ஸிலும் மேக்கிலும் எதையும் சேர்க்க வேண்டாம். விண்டோஸ் பிங் கடிகார நேரத்தைக் காட்டாது என்பதால் அறுந்த மணி, நிமிடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பின்னால் இந்தத் தாள் ரொம்ப உதவும்.

இனி அறுபடும்போது பாருங்கள். மூன்று ஜன்னலும் ஒன்றாக நின்றால் கோளாறு வீட்டுக்குள்: கணினி, கேபிள், ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் பெட்டி), ரவுட்டர் இவற்றில் ஒன்று. ரவுட்டர் பதில் தந்துகொண்டிருக்க மற்ற இரண்டும் நின்றால் மோடம், ரவுட்டரில் வெளி லைன் செருகும் வான் போர்ட், அல்லது வெளியிலிருந்து வரும் லைன். முதல் இரண்டும் ஓடி மூன்றாவது மட்டும் நின்றால் கோளாறு சேவை தருபவரின் வலைக்குள்ளோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. உங்கள் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. மூன்றும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ரவுட்டருக்குப் போகும் பிங் கேபிளில் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அங்கேயே 20, 50 என்று குதித்தால் இணைப்பு அறாவிட்டாலும் ஏதோ கெட்டிருக்கிறது.

பிழைச் செய்தியின் சொற்களையும் கவனியுங்கள். நேரம் முடிந்தது என்று வந்தால் பொட்டலம் போனது, பதில் வரவில்லை. சேருமிடத்தை அடைய முடியவில்லை என்று உங்கள் கணினியின் முகவரியிலிருந்தே வந்தால், கணினியால் ரவுட்டரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பொதுப் பிழை என்று வந்தால் பெரும்பாலும் கணினியின் நெட்வொர்க் கார்டே அந்த நேரத்தில் இணைப்பை இழந்திருக்கிறது. நேராகக் கேபிளுக்குப் போய்விடலாம்.

கேபிள்: முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான்

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கு ஜோடிகளாக இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பிளக்கில் 1, 2, 3, 6 என்ற எண்ணுள்ள நான்கு முனைகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். இதில்தான் சூட்சுமம். இரண்டு கருவிகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று ஒப்பந்தம் செய்துகொள்வது முதல் இரண்டு ஜோடிகள் வழியாக மட்டுமே. மற்ற ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் இருந்தால், ஜிகாபிட்டில் பேசலாம் என்று ஒப்புக்கொண்டு, தொடங்கியவுடன் தோற்று, மறுபடி ஒப்பந்தத்துக்குப் போவார்கள். இப்படி விளக்கு அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். சில கார்டுகள் இரண்டு மூன்று முறை தோற்றதும் தாமாகவே 100க்கு இறங்கிவிடும். ஆகவே ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால், கேபிளோ பிளக்கோ பழுது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம்.

சோதனை எளிது. நன்றாக ஓடும் என்று தெரிந்த, ஆலையில் பிளக் போட்ட குட்டிக் கேபிள் ஒன்றால் கணினியை ரவுட்டரின் பக்கத்திலேயே வைத்து நேராக இணையுங்கள். சுவர் சாக்கெட், நடுவில் இருக்கும் ஸ்விட்ச் எல்லாவற்றையும் தாண்டிவிடுங்கள். அறுபடுவது நின்றால், விட்டு வந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். எது காரணம் என்பது மறுபடி மறைந்துவிடும்.

கேபிளில் கெடுவது பெரும்பாலும் முனைகள்தான். கிளிப் உடைந்த பிளக், மேசை அசையும்போதெல்லாம் நழுவும். கையால் போட்ட பிளக்கில் வெளியுறை பிளக்குக்குள் நுழையாமல், கம்பிகளே இழுவையைத் தாங்கிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் ஒன்று விலகும். புதிதாகப் போடும்போது ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். பொதுவாகப் பயன்படும் பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3க்கும் 6க்கும் பிரிந்து போவதைக் கவனியுங்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று நினைத்து ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. விளக்கு எரியும் மலிவு டெஸ்டரில் அது தேறிவிடும். ஆனால் 3ஆம், 6ஆம் முனைகளில் வேறு வேறு ஜோடியின் கம்பிகள் இருப்பதால் ஒன்றின் சமிக்ஞை இன்னொன்றில் கசியும். குறைந்த போக்குவரத்தில் ஓடும், பளு ஏறினால் அறும்.

அடுத்தது உலோகம். விலை குறைந்த கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியக் கம்பிகள். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாய் மின்னினால் அலுமினியம். அது எளிதில் ஒடியும், மின்தடையும் கூடுதல். லேன் கேபிளுக்கான கேட் 5இ (Cat 5e), கேட் 6 தரங்கள் இதை ஏற்பதில்லை. வீட்டுக்குள் இழுக்க முழுச் செம்புக் கேட் 5இ கேபிளே ஜிகாபிட்டுக்குப் போதும், 100 மீட்டர் வரை. கேட் 8 என்று அச்சிட்ட தட்டைக் கேபிளைவிட நல்ல கேட் 5இ எவ்வளவோ மேல்.

வளைவுகளில் கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு ஆரமாவது இருக்கட்டும். கதவிடுக்கில் நசுங்கிய இடம், ஸ்டேப்ளர் முள் குத்திய இடம், நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறிப் போகும் இடம் இவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். மின்கம்பியோடு நீள நெடுகச் சேர்த்துக் கட்டாதீர்கள்; குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். மோட்டாரோ குளிர்பெட்டியோ ஓடத் தொடங்கும் கணத்தில் நெட் அறுகிறது என்று உங்கள் தாள் சொன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கணினியின் கார்டும் மின்சேமிப்பும்

கேபிள் சரி, வேறு கணினியை அதே முனையில் செருகினால் அறுபடவில்லை என்றால் உங்கள் கார்டைப் பாருங்கள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பண்புகளுக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். மேம்பட்ட அமைப்புகளில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருப்பவற்றையும் அணையுங்கள். போக்குவரத்து இல்லாத கணங்களில் இணைப்பை உறங்க வைக்கும் ஏற்பாடு அது. சில கார்டும் சில ஸ்விட்சும் சேரும்போது எழுவதில் தடுமாறுகின்றன. சும்மா இருக்கும்போது அறுந்து, பெரிய கோப்பு இறக்கும்போது அறாமல் ஓடினால் இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2.5 ஜிகாபிட் கார்டு என்றால் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்துப் பாருங்கள். பிறகும் அறுந்தால், ஒப்பந்தத்தில் 1 ஜிகாபிட் வரை மட்டும் அறிவிக்கும்படி குறைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டிவிடாதீர்கள். மறுபக்கம் ஒப்பந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். மோதல்களும் இழப்பும் புதிதாய்ச் சேரும்.

லினக்ஸில் டிமெசெக் (dmesg) பதிவிலும், விண்டோஸில் ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியிலும் இணைப்பு அறுந்த நேரம் பதிவாகும். உங்கள் தாளின் நேரங்களோடு அது ஒத்துப்போனால் அறுந்தது இந்தக் கேபிள் இணைப்பேதான். பதிவில் ஒன்றுமில்லாமல் பிங் மட்டும் நின்றிருந்தால் ஸ்விட்சையும் ரவுட்டரையும் நோக்கித் திரும்புங்கள்.

ரவுட்டரும் அதன் அடாப்டரும்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற எண் இருக்கும். அறுந்த பின் அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால் ரவுட்டர் தானே அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டரல்ல, அடாப்டர். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வருடங்களில் காய்ந்து, பளு ஏறும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். வேறு அடாப்டர் போடும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயோ அதிகமோ இருக்கலாம். பின்னின் துருவமும் பொருந்த வேண்டும். பேட்டரிப் பெட்டி வழியாக ரவுட்டருக்கு மின்சாரம் போகிறது என்றால் ஒரு நாள் அதைத் தாண்டி நேராகச் செருகிப் பாருங்கள். மூடிய அலமாரியில் மோடத்தின் மேல் அடுக்கிய ரவுட்டர் மதியச் சூட்டில் மட்டும் மயங்குவதும் உண்டு, பிரித்து வையுங்கள்.

நடுவில் சாதாரண ஸ்விட்ச் இருந்தால் ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையம் ஒன்றே வீட்டு வலை முழுவதையும் முடக்கும். எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும்.

நேரம் தவறாமல் அறுந்தால்

தாளில் இடைவெளி சீராக இருந்தால் ஐபி முகவரி வாடகையைச் சந்தேகியுங்கள். கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் ரவுட்டர் வசதியான டிஹெச்சிபி தரும் முகவரிக்குக் காலவரை உண்டு. அதில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பழைய ரவுட்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்துகிறவர்கள் அதன் டிஹெச்சிபியை அணைக்க மறந்தால், சில சமயம் அதனிடமிருந்து தவறான கேட்வே வந்து சேரும். அணைத்து, லேன் போர்ட்டில் மட்டும் இணையுங்கள். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ கையால் கொடுத்த முகவரி டிஹெச்சிபி வரம்புக்குள் விழுந்தாலும் இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்கு மோதும்.

டிஎன்எஸ் சந்தேகத்துக்கு, ரவுட்டரில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் முதன்மை, மாற்று என்று கொடுத்து ஒரு நாள் பாருங்கள். பெரிய கோப்பு மேலேற்றும்போது மட்டும் எல்லாம் நின்ற மாதிரி தோன்றி, பிங் 20லிருந்து 500, 800க்குப் போகிறதென்றால் லைன் அறவில்லை. மோடத்தின் வரிசை நிரம்பி வழிகிறது. ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் (SQM) வசதி இருந்தால், அளந்த வேகத்தில் 90 சதவீதத்துக்கு வரம்பு வையுங்கள்.

வெளி லைன்

ஃபைபர் என்றால் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாவது ஒளி வரவில்லை என்பதற்கு அடையாளம். நிலைப் பக்கத்தில் பெறும் ஒளித்திறனைப் பாருங்கள். வீடுகளுக்கு வரும் ஃபைபர் வகையான ஜிபான் (GPON) இணைப்பில் வழக்கமான எல்லை மைனஸ் 27 டிபிஎம். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் சிறு அசைவிலும் அறும். ஃபைபரைச் சுற்றி வைத்த வளையம் இறுக்கமாக இருந்தால் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குத் தளர்த்திவிட்டு எண் மாறுகிறதா என்று பாருங்கள். முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கோஆக்ஸ் கேபிள் மோடம் என்றால் பதிவேட்டில் டி3, டி4 (T3, T4) டைம்அவுட் வரிகளைத் தேடுங்கள். லைனில் மோடம் எதிர்பார்த்த செய்தி வராததை அவை குறிக்கும். தேவையில்லாத ஸ்ப்ளிட்டரை எடுங்கள். இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்றே ஏறக்குறைய 3.5 டெசிபெல் தின்றுவிடும். தொலைபேசி லைன் டிஎஸ்எல்லில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டிச் சமிக்ஞைக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி) 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். மழையில் இறங்கினால் வெளியே ஏதோ ஓர் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கிறது.

சேவை மையத்தை அழைக்கும்போது நெட் மெதுவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ரவுட்டர் பிங் நிற்கவில்லை, உங்கள் முதல் நிலையம் இந்தத் தேதி இந்த நேரங்களில் இத்தனை விநாடி நின்றது, ஒளித்திறன் இவ்வளவு, வேறு கேபிள் போட்டும் அதேதான் என்று தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். ட்ரேஸ் முடிவைக் காட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நடுவில் ஒரு நிலையத்தில் மட்டும் இழப்பு தெரிந்து அதற்குப் பிந்தைய நிலையங்கள் சுத்தமாக இருந்தால் அது கோளாறல்ல, அந்த நிலையம் பிங்குக்குப் பதில் தருவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையான இழப்பு அந்த இடத்திலிருந்து கடைசி வரை தொடரும்.

எதை மாற்றிய பிறகும் மூன்று ஜன்னல்களை மூடிவிடாதீர்கள். இதற்கு முன் அறாமல் ஓடிய மிக நீண்ட இடைவெளி ஆறு மணி நேரம் என்றால், அதைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 18 மணி நேரம், பிங் நிற்காமல் ஓடிய பிறகே சரியாகிவிட்டது என்று எழுதுங்கள்.